தரைக்குள் இறங்கிய அச்சு இயந்திரம்

நாணய மதிப்பு சரிந்த அன்று காலை, அச்சகக்காரியின் நான்கு வண்ண இயந்திரம் முழங்கால் ஆழத்துக்குத் தரைக்குள் இறங்கியிருந்தது. டாலர் கடனில் வாங்கியது அது. அந்தத் தெருவில் டாலர் கடனில் வாங்கிய எல்லாமே அன்று கனத்துப் போயின. பல் மருத்துவரின் நாற்காலி மாடியைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது. ரொக்கத்துக்கு வாங்கிய மின்விசிறிகள் ஒன்றும் அறியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தக் கடனை வாங்கச் சொன்னவன் அவளுடைய அண்ணன், மத்திய வங்கியில் பெரிய அதிகாரி. "உள்ளூர்க் கடன் வட்டி கழுத்தை நெரிக்கும். டாலர்ல வாங்கு. விலை துளி நகராது, அதைப் பிடிச்சு வச்சிருக்கிறதே நாங்கதான்" என்று அடித்துச் சொன்னான். மத்திய வங்கியின் டாலர் கையிருப்பு தீர்ந்ததும் பிடியை விட்டுவிட்டார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். முந்தைய வாரமே அவன் தன் சேமிப்பையெல்லாம் டாலராக மாற்றிக்கொண்டதை அண்ணி வாய்தவறி உளறியதுதான் அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

நாணயம் விழ விழ இயந்திரமும் இறங்கியது. அரசாங்கம் வட்டியை ஏற்றி, மானியத்தை வெட்டி, எல்லோரையும் வயிற்றைக் கட்டச் சொன்ன மாதத்தில் அது இடுப்பளவு போயிருந்தது. அப்போதுதான் அண்ணன் பார்க்க வந்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க. அது ரகசியம்மா."

"உன் பணத்துக்கு மட்டும் அந்த ரகசியத்தை யாரு சொன்னா?"

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

"கிளம்பு. நான் செத்தாலும் இந்தப் பக்கம் வராதே."

கடன் கொடுத்த வங்கி இயந்திரத்தைத் தூக்கிப்போகக் கிரேன் அனுப்பியது. சங்கிலி அறுந்தது. அடுத்து வந்த பெரிய கிரேனின் பின்சக்கரங்கள்தாம் தரையைவிட்டு எழும்பின. "எடுத்துட்டுப் போக முடியாத சொத்தை வச்சு நாங்க என்னம்மா பண்றது?" என்று அலுத்துக்கொண்ட மேலாளர், பாதிக் கடனைத் தள்ளுபடி செய்து, மீதிக்குத் தவணை போட்டார். அவள் சுற்றிலும் தோண்டி, படி கட்டி, கீழேயே அச்சடிக்கத் தொடங்கினாள். வாரம் தவறாமல் விலை ஏறியதால் புது விலைப்பட்டியல் அடிக்கக் கடைக்காரர்கள் படிகளில் வரிசை கட்டினார்கள்.

ஓய்வுபெற்ற அண்ணன், நெருக்கடிக்கு மக்களின் பேராசையே காரணம் என்று ஒரு புத்தகம் எழுதி, அச்சடித்துத் தரச் சொல்லி ஆள்மூலம் அனுப்பினான். அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். "இது நம்ம மெஷின்ல ஓடாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

சில வருடங்களில் நாணயம் கொஞ்சம் தேறியபோது இயந்திரம் ஒரு சாண் மேலே வந்தது. அவள் கொத்தனாரைக் கூப்பிட்டு, குழியின் தளத்தை அந்த அளவுக்கு உயர்த்திவிட்டு அடியிலிருந்த கடைசிப் படியை எடுத்துவிடச் சொன்னாள்.