சுபத்ரா கேட்ட கார்டு

கனகலட்சுமியின் வீட்டில் சும்மா இருக்கிற பொருள் என்று ஒன்று கிடையாது. மற்றவர்கள் பொம்மை வைக்கிற கண்ணாடி அலமாரியில் அங்கே நூல் மாதிரிகள் இருக்கும். கட்டிலுக்கு அடியில் சேலைக்கட்டு, மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். கல்யாணமாகி வந்த புதிதில் சுபத்ராவுக்குக் காலை நீட்டி உட்காரவே பயமாக இருந்தது. நீட்டிய காலுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுவார்களோ என்று.

அத்தை பொல்லாதவள் ஒன்றும் இல்லை. அருப்புக்கோட்டையில் ஒரு பவர்லூம் கொட்டகையைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள். மருமகளை இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எதை வாங்குவதாக இருந்தாலும் கையில் எடுத்துப் பார்ப்பாள், எடை பார்ப்பாள், "இது என்ன வேலைக்கு?" என்று கேட்பாள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அந்தப் பொருள் கடையோடு சரி.

சுபத்ராவுக்கு அந்த வீட்டில் சேலை டிசைன் போடுகிற வேலை. பார்டர், முந்தி, புட்டா எல்லாம் மாடி அறைக் கம்ப்யூட்டரில் அவள் வரைந்து கொடுத்த பிறகுதான் தறிக்குப் போகும். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவும் செய்தது. கம்ப்யூட்டருக்குத்தான் அவளைப் பிடிக்கவில்லை. முந்தியில் ஒரு நிறத்தை மாற்றச் சொன்னால் போதும், கீழே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். அவசர ஆர்டர் ஒன்றின்போது பக்கத்தில் நின்று பார்த்த அத்தையே பொறுமை இழந்தாள்.

"இத மாத்திருவோம் தாயி. என்னென்ன வேணும்னு நீயே பாத்துச் சொல்லு."

அன்றிலிருந்து சுபத்ராவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரெடிமேடாக வாங்காமல் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என்று முடிவு செய்தாள். சமையலுக்கு நடுவில், பிள்ளையைத் தூங்க வைக்கிற நேரத்தில், போனில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ப்ராசஸர், எவ்வளவு ரேம், எந்த மானிட்டர் என்று ஒவ்வொன்றாக முடிவானது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் முதல் நாளே முடிவாகிவிட்டது. அதற்குக் காரணம் வேறு.

மதுரையில் காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டல் தோழியின் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறாள். சுடுவது, வெட்டுவது எதுவும் அதில் இல்லை. லாரி ஓட்டவேண்டும், அவ்வளவுதான். மலைப்பாதை வரும், மழை வரும், வைப்பர் போடலாம், ஆளில்லாத ஊர்கள் கடந்து போகும். திருச்சுழியில் பிறந்து வளர்ந்து, கண்ணுக்கெட்டிய வரை கருவேலத்தையே பார்த்தவளுக்கு அந்தப் பச்சைச் சாலைகள் அப்படிப் பிடித்துப்போயின. இப்போது அதே விளையாட்டு இன்னும் அழகாக வந்திருக்கிறது. அதை ஓட்ட நல்ல கார்டு வேண்டும். அவளுக்கு அந்த லாரியில் மறுபடி ஏறவேண்டும். உலகத்தில் வேறெதையும் இவ்வளவு ஆசையாக அவள் கேட்டதில்லை. அதையும்தான் கேட்டுவிடவில்லையே! கேட்டால், பிள்ளை பெற்றவளுக்கு விளையாட்டு கேட்குதா என்று அத்தை நினைத்துவிடுவாளோ என்ற பயம். அதனால் கம்ப்யூட்டர் கடைக்காரன் கிறிஸ்டோவிடம் போனில் எல்லாமே டிசைனுக்கு என்று சொல்லிவைத்தாள்.

வாங்கப் போகிற அன்று புருஷன் நவநீதகிருஷ்ணன் சரக்கோடு வெளியூர் போயிருந்தான். சுபத்ரா தனியாகப் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கனகலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "தொட்டுப் பாக்காம எப்படித்தா வாங்குறது?"

கிறிஸ்டோ எல்லாப் பெட்டிகளையும் மேசையில் தயாராக வைத்திருந்தான். கனகலட்சுமி ரேமை விரல் நுனியில் எடுத்தாள்.

"என்ன தம்பி, தீப்பெட்டி கூட இதைவிட கனமா இருக்கும் போலயே. இது என்ன வேலைக்கு?"

"அக்கா ஒரே நேரத்துல எத்தன டிசைன் தொறந்து வச்சாலும் தெணறாதும்மா."

"அப்ப சரி."

பாகங்களையெல்லாம் அடைத்து வைக்கிற கேபினட்டுக்கு வந்தார்கள். முன்பக்கம் முழுக்கச் சல்லடை, உள்ளே கலர் கலராக விளக்கு. கனகலட்சுமி அந்தச் சல்லடையில் விரலை ஓட்டினாள். "பொங்கலுக்குச் சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு. அது கெடக்கட்டும். எங்க கொட்டகைப் பஞ்சு மாடி வரைக்கும் பறக்கும். ஒரு வாரத்துல இத அடைச்சுப்புடும்." கிறிஸ்டோ தலையைச் சொறிந்துவிட்டு, கழற்றித் தட்டிவிடுகிற வலையோடு வேறொன்றைக் கொண்டுவந்தான்.

மானிட்டருக்குத்தான் நேரம் பிடித்தது. கனகலட்சுமி பையிலிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் நூல்கண்டை எடுத்தாள். சுபத்ரா வரைந்த சேலை ஒன்றைத் திரையில் போடச் சொல்லி, கண்டை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். சுபத்ரா விரும்பிய மானிட்டர் படம் ஓடுவதில் மின்னல் வேகம். மாம்பழ மஞ்சளோ எலுமிச்சையாகத் தெரிந்தது. பக்கத்திலிருந்த நிதானமான மானிட்டரில் நூலும் திரையும் ஒன்றாக நின்றன. சுபத்ராவே அதைக் காட்டி, "இதுதான் அத்தை" என்றாள். தொழில் என்று வந்துவிட்டால் அவளும் அந்த வீட்டுப் பெண்தான். லாரி கொஞ்சம் மெதுவாகப் போனால் போகிறது.

கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு. பெட்டியைத் தூக்கியதும் கனகலட்சுமியின் முகம் மலர்ந்தது.

"இது சரக்கு! கைக்கு கனமால்ல இருக்கு. மொதல்ல இதப் பில்லுல போடுங்க."

நூலை எடை பார்த்தே வாங்கிப் பழகிய கை அது. சுபத்ரா மூச்சை விட்டாள். அந்த நேரத்தில்தானா கிறிஸ்டோவின் வாயில் அந்த உண்மை வந்து உட்காரவேண்டும்!

"அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீக. அக்கா போடுற சேலை டிசைனுக்கு இந்தக் கார்டு தேவையே இல்ல. ப்ராசஸர்ல இருக்குறதே போதும். இது பூராம் கேம் ஆடுறவுக வாங்குறது."

"நல்ல வேள சொன்னீக தம்பி. வேவாரம்னா இப்படி இருக்கணும்." கனகலட்சுமி பெட்டியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

சுபத்ராவுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. தள்ளப்பட்ட பெட்டியையே பார்த்தாள். பிறகு அவளை அறியாமலே வாய் திறந்தது.

"இல்ல அத்தை, வேணும். இது இருந்தா பொம்மைக்குச் சேலை கட்டி விட்ட மாதிரி கம்ப்யூட்டர்லயே காமிக்கலாம். மடிப்பு, முந்தி எல்லாம் அப்படியே தெரியும்."

முழுப் பொய்யும் அல்ல. அப்படிச் செய்ய முடியும்தான். ஆனால் அதை எதிர்பார்த்து யாரும் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, இதுவரை.

கனகலட்சுமியின் கண் விரிந்தது. "நெய்யாமலே கட்டிக் காமிக்கலாமா? அடியாத்தி! மதுரைக் கடைக்காரவுக சாம்பிள் கேட்டே உசுர வாங்குறாக. தெனம் சாயந்தரம் ரெண்டு மூணு கட்டி அனுப்பிருவோம். ராத்திரிச் சமையல நான் பாத்துக்கிறேன், நீ அதுல உக்காந்துக்க." சொல்லிக்கொண்டே போனை எடுத்து மதுரைக் கடைக்காரரின் எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

சுபத்ரா பார்த்தாள். கார்டு வீட்டுக்கு வரும். வந்த அன்றே அதுவும் ஒரு தறியாகிவிடும். அவள் லாரியில் ஏறுகிற ஒவ்வொரு முறையும் திருட்டுத்தனமாகத்தான் ஏறவேண்டும், படியில் காலடி கேட்டால் மூடவேண்டும். அதை நினைக்கவே வெறுத்துப்போனது.

"அத்தை, போன் போடாதீக."

"ஏன் தாயி?"

"அது வெளையாடத்தான் கேட்டேன்."

"யாரு வெளையாட? பிள்ளைக்கு ரெண்டு வயசுகூட ஆகல."

"நான்தான் அத்தை. எனக்குத்தான்."

கிறிஸ்டோ அவசரமாக ஒரு வயரைச் சுற்ற ஆரம்பித்தான். கனகலட்சுமி போனை மடியில் வைத்துக்கொண்டு மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா என்று முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன வெளையாட்டு அது?"

"லாரி ஓட்டுறது."

"லோடு யாருக்குப் போகுது?"

"யாருக்கும் இல்ல அத்தை. சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான். ரோட்டப் பாத்துக்கிட்டே போறது. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அது பிடிக்கும்." சொல்லி முடித்ததும் சுபத்ராவுக்கு உடம்பு லேசானது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சரி, சொல்லியாயிற்று.

கனகலட்சுமி போனைப் பையில் போட்டாள். பிறகு கிறிஸ்டோவைப் பார்த்து, "தம்பி, குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்றாள். அவன் உள்ளே போனதும் நாற்காலியை மருமகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பிரதோசத்துக்குப் பிரதோசம் நான் திருச்சுழி கோயிலுக்குப் போறேன்ல?"

"ஆமா அத்தை."

"வீட்ல காரு நிக்கையில ஏன் பஸ்ஸுல போறேன்னு என்னைக்காவது கேட்டியா? சன்னல் ஓரமா உக்காந்துருவேன். போயி எறங்குற வரைக்கும் நூலு வந்துச்சா, தறி ஓடுதான்னு ஒருத்தரும் கேக்க முடியாது. சாமியக் கும்பிடத்தான் போறேன், இல்லன்னு சொல்லல. ஆனா பஸ்ஸு சீக்கிரம் போயிருச்சுன்னா எனக்கு வருத்தமா இருக்கும்."

அத்தைக்கும் அப்படி ஒரு சன்னல் ஓரம் இருக்கும் என்று சுபத்ரா நினைத்ததே இல்லை. கண்கலங்கிவிட்டது. அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, பிடித்துக்கொண்டாள்.

"சரி சரி. ஆனா ஒண்ணு, இத டிசைனுக்குன்னு வாங்காத. டிசைன்னு சொன்னா நானே நாளைக்கு வந்து, வேல கெடக்கு எந்திரிம்பேன், எம்புத்தி எனக்குத் தெரியும். வெளையாட்டுக்குன்னே வாங்கு." கிறிஸ்டோ தண்ணீரோடு வந்தான். கனகலட்சுமி தள்ளிவைத்த பெட்டியை மறுபடி இழுத்து, மற்றவற்றின் மேல் வைத்தாள். "இதையும் சேத்துக்கங்க தம்பி. அவளுக்கு."

ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றிருந்தன. பிள்ளை கீழே பாட்டியிடம் இருந்தது. சுபத்ரா மாடி அறையில் லாரியை மலை மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டாள். அப்போது வாசலில் தறிக்காரர் வெள்ளத்துரையின் குரல் கேட்டது. புது பார்டரில் ஒரு இழை இடிக்கிறது, மருமகள் இறங்கி வந்து பார்க்கவேண்டும் என்றார். சுபத்ராவின் கை பழக்கத்தில் விளையாட்டை மூடப் போனது.

"மருமக வெளையாடிக்கிட்டிருக்கா. நாளைக்கு வாங்க."

அத்தை அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். சுபத்ரா சிரித்த சிரிப்பில் லாரி சாலையை விட்டு விலகி, ஒரு புல்வெளியின் நடுவில் போய் நின்றது.