மூன்றாவது விரல்

டாக்டர் பிரிசில்லா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரத்தக்குழாய்கள் கணுக்கால் வரை தெளிவாக வந்தன. அதற்குக் கீழே மங்கிப்போயிருந்தன.

"சுகர் இல்ல. கொழுப்பும் இல்ல. பீடிதான். கால்ல இருக்கிற சின்னக் குழாயெல்லாம் அடைச்சிருக்கு."

பாலகுமார் படத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட தன் வலது காலைப் பார்த்தான். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போன வாரம் எடுக்கப்பட்டிருந்தன. பதினெட்டு வருடமாகக் கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டிய கால். பிரேக் மிதிக்கிற கால். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது.

"இன்னும் மூணு விரல் இருக்கு. அதுக்கப்புறம் பாதம். அப்புறம் முழங்கால் வரைக்கும். நீங்க நிறுத்தினா இதுவும் நிக்கும். ஒண்ணே ஒண்ணு குடிச்சாலும் நிக்காது."

"கொறச்சிக்கிறேன் டாக்டர்."

"இதுல கொறைக்கிறதுன்னு ஒண்ணு இல்ல."

அவன் மனைவி எழிலரசி கேட்டாள். "மாத்திரை ஏதாச்சும் குடுங்களேன்."

"குடுக்கிறேன். ஆனா மாத்திரை கூடமாட ஒத்தாசைக்குத்தான். வேலையைச் செய்ய வேண்டியவர் இவர்."

புண் நன்றாக ஆறினால் மூன்று மாதத்தில் வண்டி எடுக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அவன் அதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டான்.

முதுநகர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எழிலரசி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் இலக்கியா தட்டை மடியில் வைத்து இட்லி தின்றபடி வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ. எழிலரசி புருஷனின் கையைப் பிடித்து இழுத்து மகளின் தலைமேல் வைத்தாள்.

"சொல்லுங்க. இனிமே தொட மாட்டேன்னு இவ மேல சத்தியம் பண்ணுங்க."

"எம்மா, எண்ண தேச்சிருக்கேன். கையெல்லாம் ஆவும்."

"நீ பேசாத. சொல்லுங்க."

தலை வெதுவெதுப்பாக இருந்தது. பாலகுமார் சொன்னான். "இவ மேல சத்தியமா தொட மாட்டேன்."

"போயும் போயும் என் தலதான் கெடச்சுதா?" என்றாள் இலக்கியா. சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் வாய் கசந்தது. காலையில் பீடி இல்லாமல் கக்கூஸ் போக வரவில்லை. இரண்டாவது வாரம் கோபம் வந்தது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று கோபம். மறுநாள் உப்பே இல்லை என்று கோபம். மூன்றாவது வாரம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பியது. எழிலரசி அந்தப் பையில் ஏலக்காய்ப் பொட்டலம் வைத்தாள்.

பஸ் முதலாளி அவனைக் கைவிடவில்லை. கால் ஆறும்வரை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஆள் கூப்பிடச் சொன்னார். தினமும் தன் பஸ்ஸிலேயே பயணியாகப் போய் வந்தான். கண்டக்டர் தமிழ்மணி, எழிலரசியின் தம்பி.

"மாமா, உங்க பக்கத்துல நின்னா பாயச வாசன வருது" என்றான் தமிழ்மணி.

"போடா மச்சான்."

"நெசமாதான். ரெண்டு முந்திரி இருந்தா போடுங்க."

நாற்பத்தேழு நாள் ஓடியது. புண் வாய் மூடிக்கொண்டு வந்தது. நாற்பத்தெட்டாவது நாள் மதியம், பஸ் காலியாக நின்றபோது, பாலகுமார் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. புது டிரைவர் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருந்தான். அவ்வளவுதான் நடந்தது.

இறங்கி, கழிப்பறைக்குப் பின்னால் போனான். விருத்தாசலம் வண்டி டிரைவர் ஒருவர் அங்கே பற்றவைத்துக்கொண்டிருந்தார். பாலகுமார் கையை நீட்டினான். அவர் கேள்வி கேட்காமல் ஒன்று கொடுத்தார். அவனுக்குத் தலை சுற்றியது. பாதியில் போட்டு மிதித்தான். வீடு திரும்புமுன் கொய்யா இலையை மென்று துப்பினான். விரல்களிலும் கசக்கித் தேய்த்துக்கொண்டான்.

மறுநாள் காலை இலக்கியா எழுந்திருக்கவில்லை. நெற்றி கொதித்தது.

நூற்று மூன்று. ஊசி போட்டும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் குறைந்துகொண்டே வருவதாக நர்ஸ் சொன்னாள். எழிலரசி இளநீரை டம்ளரில் ஊற்றி மகளை ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தாள். பாலகுமார் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். தலைமாட்டுக்குப் போகவில்லை. அந்தத் தலையைத் தொட அவனுக்குப் பயமாக இருந்தது.

"கிட்ட வாங்களேன். புள்ள உங்களத்தான் பாக்குது" என்றாள் எழிலரசி.

"காத்து வரட்டும்னு நிக்கிறேன்."

பிறகு, மருந்து வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு கட்டு பீடி வாங்கினான். தன்னால்தான் இந்தக் காய்ச்சல் என்று அவன் முழுதாக நம்பினான். நம்பிக்கொண்டே பற்றவைத்தான். அது தீர்ந்ததும் இரண்டாவதையும் பற்றவைத்தான்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எட்டாம் நாள் இலக்கியா வீட்டுக்கு வந்து, புளிச்சோறு வேண்டும் என்றாள். எழிலரசி அழுதுகொண்டே புளி கரைத்தாள்.

பாலகுமார் பீடிக்கட்டைத் தூக்கிப் போட்டான். இரண்டு நாள் கழித்து வேறு வாங்கினான். அதை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. பஸ்ஸில் முதலுதவிப் பெட்டிக்குள் வைத்தான். அதை யாரும் திறந்ததில்லை.

மூன்றாவது விரலில் வலி தொடங்கியது. முதலில் நடக்கும்போது மட்டும். பிறகு படுத்திருக்கும்போதும். காலைக் கட்டிலிலிருந்து கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் குறைந்தது. நுனி நீலமாகி, பிறகு கறுத்தது. அவன் சாக்ஸ் போட ஆரம்பித்தான்.

டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் வந்தது. போய்விட்டு வந்ததாகச் சொல்லி, "டாக்டரம்மா லீவு" என்றான். அடுத்த வாரமும் லீவு என்றான். டாக்டரிடம் போனால் விரலைப் பார்ப்பார். பார்த்தால் பீடி தெரியும். பீடி தெரிந்தால் காய்ச்சல் யாரால் வந்தது என்று எழிலரசிக்குத் தெரியும். அதைவிட விரல் போகட்டும் என்று அவன் நினைத்தான். பாதம் போகலாம் என்பதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் இப்படியே போனது.

ஞாயிற்றுக்கிழமை பாலகுமார் கட்டில் விளிம்பில் படுத்திருந்தான். கால் தொங்கியது. இலக்கியா தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கால் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"ஊட்டுக்குள்ள எதுக்குப்பா சாக்ஸு?"

"தூசி படும்."

"படுத்துக்கிட்டு எதுக்குக் கால தொங்கப் போட்ருக்க?"

"மரத்துப் போச்சு."

அவள் பேனாவை வைத்துவிட்டு சாக்ஸை உருவினாள். அவன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. வலியில் பல்லைக் கடித்தான்.

இலக்கியா விரலைப் பார்த்தாள்.

"குடிச்சியா?"

"இல்ல."

"அப்பா."

"இல்லடி."

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் கூரையைப் பார்த்துச் சொன்னான். "ஒண்ணுதான். பாதி. மறுநாள்தான் உனக்குக் காய்ச்சல் வந்துச்சு."

"அதுக்கு?"

"உன் தலமேல கைய வச்சி சொன்னேன். அத மீறினேன். மறுநாளே நீ படுத்துட்ட."

அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் கோபம் வந்தது.

"நம்ம தெருவுல எத்தினி பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு தெரியுமா? பதினோரு பேரு. அவுங்க அப்பாலாம் பீடி குடிச்சாங்களா? கோடி வீட்டு வெண்மதிக்கும் வந்துச்சு. அவ அப்பா வெத்தல கூடப் போட மாட்டாரு. கார்ப்பரேஷன்ல இருந்து வந்து தண்ணித் தொட்டியெல்லாம் கவுத்துட்டுப் போனாங்களே, உன் சத்தியத்தத் தேடியா வந்தாங்க? கொசுப்பா. கொசு."

"கொசுதான். தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

அவன் கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. இலக்கியா அதைத் தன் பாவாடை நுனியால் துடைத்தாள். துடைத்துவிட்டு, அவன் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தாள். அவன் இழுத்துக்கொண்டான். மறுபடியும் வைத்தாள். அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பாரு. ஒண்ணும் ஆவல. எனக்குப் பேன்தான் இருக்கு."

எழிலரசி வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் உளுந்து களைந்த ஈரம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் வந்து தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா வலி?"

"மூணு வாரம்."

"மூணு வாரமும் என் பக்கத்துலதான படுத்திருந்தீங்க?"

"ஆமா."

"நான் திட்டுவேன்னு பயமா?"

"திட்டு பழக்கந்தான். இது வேற."

அவள் தலையசைத்தாள். "நான் புள்ள தலயில வச்சிருக்கக் கூடாது" என்றாள். விரலைத் தொடாமல், பாதத்தின் மற்ற இடமெல்லாம் ஈரக்கையால் மெதுவாகத் தடவினாள்.

திங்கட்கிழமை டாக்டர் பிரிசில்லா விரலை அழுத்திப் பார்த்தார். பாதத்தின் மேல் நாடியைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"எத்தனை குடிச்சீங்க?"

பாலகுமார் எழிலரசியைப் பார்த்தான். பிறகு உள்ளதைச் சொன்னான். "ஒரு நாளைக்கு நாலஞ்சு. ஒரு மாசமா."

"ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா இந்த விரல் இருந்திருக்கும்."

"பாதம்?" என்றாள் எழிலரசி.

"நாடி இருக்கு. கம்மியா இருக்கு." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "பாலகுமார், நாப்பத்தேழு நாள் நிறுத்தியிருக்கீங்க. அதுல புண்ணு ஆறுச்சு. உங்க காலே அதைச் சொல்லுது. ஆசை வந்தா அஞ்சு நிமிஷம் ஆட்டும். அந்த அஞ்சு நிமிஷம் தனியா இருக்காதீங்க. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

வியாழக்கிழமை விரலை எடுத்தார்கள். தமிழ்மணி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டைப் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"முதலுதவிப் பெட்டியில இருந்தத நான்தான் தூக்கிப் போட்டேன் மாமா. இப்ப அதுல பஞ்சு வச்சிருக்கேன். பதினெட்டு வருஷத்துல மொத தடவ." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ரெண்டு நாளா குடிக்கல. தல வலிக்குது. நீங்க எப்பிடி நாப்பத்தேழு நாள் இருந்தீங்க?" என்றான்.

"ஏலக்கா."

"எனக்கு அந்த வாசன புடிக்காது மாமா."

"கெட."

அவன் போனபிறகு எழிலரசி பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"இனிமே சத்தியம் கித்தியம் வேணாம்" என்றாள். "குடிக்கணும்னு தோணுனா எனக்குப் போன் பண்ணுங்க. குடிச்சிட்டாலும் பண்ணுங்க. திட்ட மாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான்.

"சரி, திட்டுவேன். ஆனா பண்ணுங்க."

தை பிறந்து அவன் மறுபடி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வண்டி எடுப்பதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. காலில் கட்டைவிரலும் அடுத்ததும் இருந்தன. பாதம் இருந்தது. காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பான். சில்லென்று இருந்தால் பயந்தான். சூடாக இருந்தால் எழுந்து பல் தேய்த்தான்.

ஒரு முறை தவறினான். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததுமே சொன்னான். எழிலரசி பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி திட்டினாள். பிறகு அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். மறுநாள் காலை அவன் பாதத்தை அவளும் தொட்டுப் பார்த்தாள்.

அவள் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையலர். பதினொரு மணிக்கு அவளுக்குத் தலைபோகிற வேலை. அவனுக்கு ஆசை வருவதும் பதினொரு மணிக்குத்தான்.

"எழிலு."

"வந்துடுச்சா?"

"ம்."

"இருங்க, தோள்ல வச்சிக்கிறேன். சாம்பார் பொங்குது. எங்க நிக்கிறீங்க?"

"டைம் ஆபீஸ்கிட்ட."

"கழிப்பறைப் பக்கம் போவாதீங்க. இந்தப் பக்கம் வாங்க. அங்க என்னா வண்டி நிக்குது?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. என்னால பேச முடியாது, கிண்டணும். நீங்க பேசுங்க."

பாலகுமார் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாக்கு வறண்டிருந்தது. எதிரே இருந்த பலகையைப் படித்தான்.

"கீரப்பாளையம் வண்டி நிக்குது. ஆளு இல்ல."

"ம்."

"பிச்சாவரம் வண்டி கெளம்புது. காலேஜ் புள்ளைங்க ஏறுதுங்க. ஒரு பையன் கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு படியில நிக்கிறான்."

"உள்ள போவச் சொல்லுங்க."

"டேய் தம்பி, உள்ள போ." மூச்சு விட்டான். "போயிட்டான்."

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம்."

போனுக்குள் கரண்டி அண்டாவில் உரசும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை முட்டை எப்போது என்று கேட்டது.

"அப்ப அடுத்த வண்டியச் சொல்லுங்க" என்றாள்.