சி டிரைவுக்கு இடம் போதவில்லை

வட்டச் செயலாளர் கோவிந்தராஜின் பிறந்தநாள் பேனர் மூக்கு வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. வாரிவிட்ட தலை, நெற்றிக் குங்குமம், தங்க ஃபிரேம் கண்ணாடி எல்லாம் பளபளவென்று இறங்கின. பாதி மீசையில் மிஷின் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றுபோனது. அதற்குக் கீழே பத்தடிக்கு வெறும் வெள்ளை. வாழ்த்துகிறவர்களின் பெயரெல்லாம் அந்த வெள்ளையில்தான் வந்திருக்க வேண்டும். வாழ்த்துகிறவன் பெயர் இல்லாத பேனரை எந்த ஊரில் கட்டியிருக்கிறார்கள்?

"இஃபத்து, வந்து பாரும்மா. மறுபடியும் ரொம்பிக்கிச்சாம்" என்று ஷஃபியுல்லா குரல் கொடுத்தார். கவலையாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தக் கவலையில் ஏதோ ஒரு தெம்பு இருந்ததாக மகளுக்குப் பட்டது. அதை ஆராய அவளுக்கு அன்றைக்கு நேரமில்லை.

நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டைப் பார்த்த கடை அது. ஷஃபியுல்லாவும் அவர் தம்பி காலித்தும் சேர்ந்து நடத்தும் ஃப்ளெக்ஸ் பிரிண்டிங். மாடியில் வீடு. இரண்டு வாரத்துக்கு முன்னால் இஃபத்துக்கு பெங்களூரில் வேலை கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வருகிறேன் என்று இன்று மாலை ஆறு மணிக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அத்தா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கடிதம் வந்த அன்றைக்கே, அம்மா ஜமீலாவை சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "மிஷின் இப்டி நடுவுல நடுவுல நின்னா கடைய நானு எப்டி பாக்கறது? அத்த சரி பண்ணு. அப்பால பெங்களூரு இன்னா, எங்க வேணா போ." ஷஃபியுல்லா சொன்ன சொல் தவறமாட்டார். அதனாலேயே பார்த்துப் பார்த்துச் சொல்லுவார்.

சரி செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்றுதான் இஃபத்தும் நினைத்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிரிண்டிங் மிஷினுக்குப் பன்னிரண்டு வயது. அதன் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதன் வயிற்றுக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல அவளே செய்துவைத்திருந்தாள். அதற்கு அத்தா வைத்த பெயர் 'பொய்க் கம்ப்யூட்டர்'. அந்தப் பொய்க் கம்ப்யூட்டரின் டிஸ்க் நிறைந்துவிட்டால்தான் மிஷின் நிற்கும்.

இரண்டு வாரமாகக் குப்பையைக் கூட்டிக்கூட்டிப் பார்த்துவிட்டாள். ஒன்றிரண்டு ஜிபி கிடைக்கும், மறுநாளே காணாமல் போகும். ஆர்டர் ஃபைல்களில் மட்டும் கை வைக்கவில்லை. ஏனென்றால் எந்த கஸ்டமரின் ஃபைலையும் அழிப்பதில்லை என்பது கடையின் சட்டம். கோவிந்தராஜுக்கு வருஷா வருஷம் வயதை மட்டும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அதே பேனர்தான். கண்ணீர் அஞ்சலி பேனரைக்கூட அழிக்கமாட்டார்கள். முதலாம் ஆண்டு வரும், இரண்டாம் ஆண்டு வரும்.

ஆக, டிஸ்க்கைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. காலை பத்தரைக்கு உட்கார்ந்தாள். முதலில் பொய்க் கம்ப்யூட்டரை மொத்தமாக ஒரு நகல் எடுத்து வெளியே பத்திரப்படுத்தினாள். பிறகு ஒரே வரியில் கட்டளை கொடுத்தாள். நூறு ஜிபியாக இருந்த டிஸ்க் நூற்றறுபது ஆனது. பொய்க்கு இடம் கொடுப்பதில் என்ன பஞ்சம்?

ஆனால் பொய்க் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் சி டிரைவ் அதே அறுபதில்தான் உட்கார்ந்திருந்தது. 'நீட்டு' என்ற பொத்தான் வெளுத்துப்போய் அழுத்தவே முடியவில்லை. காரணத்தைப் பார்த்ததும் இஃபத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடை ஆரம்பித்தபோது அண்ணனும் தம்பியும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். பெரிய ஷட்டர் அண்ணனுக்கு, சின்ன ஷட்டர் தம்பிக்கு. வாசலில் வேப்பமரத்து நிழல்கூட மதியம் வரை ஒருவருக்கு, மதியத்துக்கு மேல் இன்னொருவருக்கு. அதே நியாயப்படி டிஸ்க்கிலும் முதல் அறுபது ஜிபி சி டிரைவ், அண்ணனுக்கு. அதை ஒட்டி நாற்பது ஜிபி டி டிரைவ், தம்பிக்கு. பழைய கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்ததால் பொய்க் கம்ப்யூட்டரிலும் அதே பாகப்பிரிவினைதான். புதிதாக வந்த அறுபதோ டி டிரைவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருந்தது. தன்னை ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் ஒரு டிரைவ் சேர்த்துக்கொள்ள முடியும். அடுத்தவனைத் தாண்டிக் குதித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இடத்தில் காலித் சாச்சா இருந்தார்.

காலித் சாச்சாவுக்குக் கடை அரை நாள்தான். மீதி அரை நாள் செம்பரம்பாக்கம் பக்கம் மனை விற்கப் போய்விடுவார். எதைப் பார்த்தாலும் சதுர அடியாகத்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். மதியம் பன்னிரண்டு மணிக்கு ஹெல்மெட்டோடு வந்து நின்றவரிடம் இஃபத் விஷயத்தைச் சொன்னாள்.

"உங்க டி டிரைவக் கொஞ்சம் நவுத்தணும் சாச்சா. அந்தக் கடைசிக்குக் கொண்டுபோய் வச்சிட்டா, நடுவுல வர்ற எடம் சி டிரைவுக்குக் கெடைக்கும். உங்களுக்கு ஒரு ஜிபி கொறையாது."

"நானு ஏம்மா நவுரணும்? பத்து வருசமா அனுபவத்துல கீது. உங்க அத்தாவ நவுரச் சொல்லு."

"சி டிரைவ நவுத்த முடியாது. விண்டோஸே அதுலதான் கீது."

"பாத்தியா, அவருக்கு மட்டும் விண்டோ வச்ச எடம். எனக்கு விண்டோ கெடையாது."

ஷஃபியுல்லா மிஷின் பக்கமிருந்து, "அவன் இஷ்டத்துக்கு உடும்மா. சின்னவன கட்டாயப்படுத்தாத" என்றார். அண்ணன் தம்பிக்காகப் பரிந்து பேசி இந்தப் பத்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. காலித்தே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.

டி டிரைவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இஃபத் திறந்து பார்த்தாள். ஒன்றுமே இல்லை. நாற்பது ஜிபியும் துடைத்துவிட்டது மாதிரிக் கிடந்தது.

"சாச்சா, இது காலியாத்தான கீது?"

"ஆமா. நம்ம வேலயெல்லாம் பென் டிரைவுலதான்."

"அப்ப இத எதுக்கு வச்சிருக்கீங்க?"

காலித் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எடம்னா வாங்கிப் போடறதும்மா. அதுல போயி எவனாவது ஜாமான் வைப்பானா? இந்தப் பக்கம் பத்து வருசத்துக்கு முன்னால யாரு வாங்குனான்? இன்னிக்கு நெலம இன்னா?"

"காலின்னா நவுத்தவே வேணாம். அழிச்சிட்டு அந்தாண்ட புதுசா போட்டுத் தர்றேன். ரெண்டே நிமிசம்."

"இதான் வேணாங்கறது. இடிச்சிட்டுக் கட்டித் தரேன்னு சொல்லி எத்தினி பேரு தெருவுல நின்னுகினு கீறான் தெரியுமா? நவுத்தறதா இருந்தா அலுங்காம நவுத்து. இல்லாங்காட்டி உடு."

மணி பன்னிரண்டரை. இஃபத்துக்கு ஆத்திரம் வந்தது. கேட்காமலே செய்துவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் வெறும் டிரைவுக்காக அண்ணனும் தம்பியும் ஆறு மாதம் பேசாமல் இருக்கக்கூடியவர்கள். அப்படி ஒரு சண்டையை மூட்டிவிட்டு அவள் எப்படி பஸ் ஏறுவாள்? ஐந்து நிமிடம் யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, வேறு குரலில் ஆரம்பித்தாள்.

"சாச்சா, இப்ப உங்க டிரைவுக்கு ரெண்டு பக்கமும் ஆளு. இந்தாண்ட அத்தா. அந்தாண்ட புதுசா வந்த எடம், நாளைக்கு யாருக்குப் போவுமோ தெரியாது. நடுவுல மாட்டிக்கினீங்க. கடைசிக்கு வந்துட்டீங்கன்னா அந்தப் பக்கம் ஆளே கெடையாது."

காலித் ஹெல்மெட்டைக் கழற்றினார். "கார்னரா?"

"கார்னர்தான். நாளைக்கு டிஸ்க்கப் பெருசு பண்ணுனாலும் புது எடம் உங்க பக்கத்துலதான் வந்து உழும்."

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஆனா அளந்துதான் குடுக்கணும். நவுத்தறதுக்கு முன்னால ஒரு தபா, அப்பால ஒரு தபா."

அளந்தாள். அதில் வந்தது அடுத்த வம்பு. நாற்பதாயிரம் எம்பி என்று போட்டுப் பிரித்தது ஜிபியில் முப்பத்தொன்பது சொச்சமாகக் காட்டியது. கம்ப்யூட்டருக்கு ஆயிரம் என்றால் ஆயிரத்து இருபத்து நாலு என்று அவள் விளக்கியதைக் காலித் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பத்து வருஷமாக அண்ணன் வேலியைத் தள்ளிப் போட்டுத் தன் இடத்தில் கிட்டத்தட்ட ஒரு ஜிபியைத் தின்றுவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார். ஷஃபியுல்லா அல்லா மீது ஆணையாகத் தான் வேலியைத் தொட்டதில்லை என்றார். கடைசியில் இஃபத் புது இடத்திலிருந்து குறைந்ததைச் சேர்த்து, நாற்பது என்று திரையில் வரவைத்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் காலித், "உம், ஆரம்பி" என்றார்.

டிஸ்க்கைப் பிரிக்கிற கருவியைப் போட்டுப் பொய்க் கம்ப்யூட்டரை எழுப்பினாள். திரையில் டி டிரைவ் ஒரு நீளமான கட்டமாகத் தெரிந்தது. சுட்டியால் பிடித்து வலது கோடிக்கு இழுத்துவிட்டு, சரி என்று அழுத்தினாள். ஒன்றுமே இல்லாத நாற்பது ஜிபியை அந்தக் கருவி வரி வரியாகத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க ஆரம்பித்தது. காலித் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லாரியிலிருந்து சரக்கு இறக்குகிறவனைப் பார்ப்பதுபோல முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் யாரும் ஸ்விட்ச் போர்டு பக்கம் போகக்கூடாது என்று மிக்ஸியைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டதால், மாடியில் அன்று சட்னி அரைக்கவில்லை.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. டி டிரைவ் கோடியில் போய் உட்கார்ந்தது, சரியாக நாற்பது. சி டிரைவ் நூற்றுப் பத்தொன்பது ஆனது, அதில் அறுபத்தொன்று காலி. மிஷின் ஓடியது. கோவிந்தராஜின் முழு மீசையும் வந்தது, வாய் வந்தது, வாழ்த்துகிறவர்கள் முப்பத்தாறு பேரும் வந்தார்கள். காலித் தன் கார்னரை செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் கிளம்பினார்.

இஃபத் இரண்டு இரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். அம்மாவிடம் சொன்னாள், டீ குடித்தாள், எந்தச் சுடிதாரை எடுத்துப் போவது என்றுகூடப் பேசியாகிவிட்டது. பதில் எழுதிவிடலாம் என்று கீழே வந்தபோது மணி ஐந்து. எதற்கும் இன்னொரு முறை பார்ப்போமே என்று திரையை எட்டிப் பார்த்தாள். சி டிரைவில் நாற்பத்திரண்டுதான் காலி.

ஏதாவது வைரஸா? அவள் பார்க்கும்போதே நாற்பத்திரண்டு நாற்பத்தொன்றை நோக்கி இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் கீபோர்டின் மேல் இருந்த கைகளைப் பார்த்தாள். ஷஃபியுல்லா இரண்டு விரலால் எதையோ அழுத்திக்கொண்டிருந்தார். மகள் நிற்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இன்னா பண்றீங்க அத்தா?"

"பேக்கப்பு."

'முக்கியம் தொடாதே' என்று பெயர் வைத்த ஃபோல்டர் திறந்திருந்தது. பாதியில் இருந்த நகலை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். உள்ளே வரிசையாகக் கோவிந்தராஜ். போன வருஷத்துப் பேனர், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. நாற்பத்தொரு கோவிந்தராஜ்.

"ஒரே ஆளுக்கு நாப்பத்தோரு பேக்கப்பா?"

"பெரிய மனுசம்மா. எலெக்சன் வேற வருது."

முதல் இருபத்திரண்டு நகல்களின் தேதியைப் பார்த்தாள். பெங்களூர் கடிதம் வந்த தேதியில்தான் முதல் நகல் ஆரம்பித்திருந்தது. மீதிப் பத்தொன்பதும் இன்று நாலு மணிக்கு மேல் போட்டவை. அதாவது, கோவிந்தராஜின் மீசைக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் கோவிந்தராஜேதான். இரண்டு வாரமாக அவள் கூட்டக் கூட்டக் குப்பை சேர்ந்ததும் இப்படித்தான். காப்பி பேஸ்ட் தவிர வேறு எதுவும் அத்தாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

அவளுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. "ரெண்டு வாரமா நானு சோறு தண்ணி இல்லாம இதோட மாரடிச்சிகினு கீறேன். நீங்க பின்னாலயே வந்து ரொப்பிகினே இருந்தீங்களா?"

ஷஃபியுல்லா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்பிகினே இருந்தா நீ இருப்பேன்னு நெனச்சேம்மா. வேணாம்னு வாயத் தொறந்து சொன்னா அது தப்பு. உனக்குக் கெடச்ச வேல, நானு யாரு தடுக்கறதுக்கு? ஆனா நீ இல்லாத ஊட்ட நெனச்சா எனக்கு பயமா கீது."

கோபம் இருந்த இடத்தில் அழுகை வந்து நின்றது. பாவி மனுஷன், இதைச் சொல்ல நாற்பத்தோரு ஜிபி வேண்டியிருந்திருக்கிறது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க குடுத்த வார்த்த?"

"வார்த்த வார்த்ததான். சரி பண்ணிட்ட இல்ல? போ." கீபோர்டைத் துணியால் துடைத்தபடியே, "இது மறுபடி ரொம்புச்சுன்னா நானு யாராண்ட போயி சொல்றது?" என்றார்.

"யாராண்டயும் சொல்ல வேணாம். தொண்ணூறு பர்சன்ட் தாண்டுச்சுன்னா தானா என் போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி வச்சிருக்கேன். நானே வந்துருவேன்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, போனில் பெங்களூருக்குப் பதில் எழுதினாள். திங்கட்கிழமை வந்து சேருகிறேன் என்று நாலே வரி. ஆறு மணிக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும்போதே அனுப்பிவிட்டாள். அது போய்ச் சேர்ந்ததை ஷஃபியுல்லாவும் எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னும் எத்தினி காப்பி போட்டா தொண்ணூறு வரும்?"

அவளால் பொய் சொல்லியிருக்க முடியும். அந்த நாற்பத்தொன்றையும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டுப் போயிருக்கவும் முடியும். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"முப்பது."

"முப்பதா? அரை மணி நேரத்துல போட்டுருவேன்."

"வேணாம் அத்தா. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போடுங்க" என்றாள் இஃபத். "மாசத்துக்கு ஒரு தபான்னாத்தான் எனக்கு லீவு குடுப்பாங்க."