முதுகுக்குப் பின்னால் மூன்று விரல்

மகளும் மருமகனும் வெளியூர் போயிருந்தார்கள். பேத்தி எங்களோடு இருந்தாள். காலையில் மேசையைத் துடைத்துக்கொண்டே, "அவங்க வர இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துவிட்டு, "மூணு நாள்," என்றார்.

சரியான பதில்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் என் முதுகுப்பக்கம் தெரிந்தது. அங்கே சோபாவில் சுண்டெலி உட்கார்ந்திருந்தார். அவருடைய மூன்று விரல்கள் மார்புக்கு நேரே நீண்டு, சட்டென்று மடங்கின.

சுண்டெலி என்பது அணியில் வைத்த பெயர். என் வீட்டுக்காரருக்கு அங்கே ஏணி என்று பெயர். பிழைப்பே கூடைப்பந்து என்று ஒரே அணியில் முழங்கால் தேயும்வரை ஆடியவர்கள் இரண்டு பேரும். இவர் கூடைக்கு அடியில் நிற்பார். அவர் பந்தைக் கொண்டுவந்து இவர் கையில் சேர்ப்பார். ஓய்வு பெற்ற பிறகும் சுண்டெலி வராத நாள் இல்லை. "அண்ணி, ஏணி எந்திரிச்சாச்சா, இல்ல இன்னும் படுக்கப் போட்டுத்தான் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

கிழவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி காப்பியடிக்கிறார்கள் என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. நிலைப்படியில் குனிந்து நுழைகிற மனுஷர், என்னைத் தாண்டிப் பார்ப்பதில் என்ன அதிசயம் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன். துணியைப் பிழிந்து காயப்போட்டேன்.

மத்தியானம் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர அவர்தான் போனார். வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டிவிட்டது. டிவியில் ஆட்டம் பார்க்க வந்த சுண்டெலி, ரோட்டில் நெரிசலாக இருக்கும் என்றார். கார் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே வந்தார், சாவியைச் சுழற்றிக்கொண்டு, முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"பாப்பாவா," என்றார். என் தோளுக்கு மேலே பார்த்தார்.

நான் திரும்பினேன். சுண்டெலியின் கை பாதி தூக்கியபடி நின்றது. விரல்கள் எதையும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். தாத்தா நேரத்துக்கே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார் என்றார்கள். காருக்கு ஓடினேன். பின் கதவைத் திறக்கக் கை வரவில்லை. உள்ளே என்ன இருக்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டுதான் திறந்தேன். இருக்கையில் அவளுடைய பை. கீழே அவளுடைய இரண்டு ஷூ, பக்கத்துப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தது. குழந்தை இல்லை. வெறுங்காலோடு எங்கே போயிருப்பாள், யாரோடு போயிருப்பாள்?

சுண்டெலி என்னை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "பந்து இல்ல அண்ணி. அவன் வண்டில எப்பவும் ஒரு பந்து கிடக்கும். ஷூவை அவன்தான் கழட்டச் சொல்லியிருப்பான். ரோட்டுச் செருப்போட யாரையும் அவன் கோர்ட்டு மரத்தரையில ஏற விடமாட்டான். உக்காருங்க, ஸ்டேடியத்துக்குப் போவோம்."

அவர்தான் ஓட்டினார். முன் இருக்கையில் என் வீட்டுக்காரர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றபோது, "எங்க போறோம்?" என்று கேட்டார். பதில் சொன்னோம். அடுத்த சிக்னலில் அதே குரலில், அதே கேள்வியைக் கேட்டார். எங்கள் கட்டிலில் பக்கத்தில் படுத்திருப்பவர் யார் என்று முதல் தடவையாகப் பயந்தேன்.

சுண்டெலி ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால், காயத்தைக் கவனிக்கிற பிசியோ ஓடிவந்து கேட்பாராம், எதிரணி யாரு, ஸ்கோர் என்ன, இது எத்தனையாவது பாதி என்று. தப்பாகச் சொன்னால் வெளியே உட்கார வேண்டியதுதான். வெளியே உட்கார்ந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அதனால் பிசியோவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஒருத்தருக்கு ஒருத்தர் விரல் காட்டுவது அணிக்குள் வழக்கம்.

"கடைசி ஃபைனல்ல இவனுக்கு நெத்திப்பொட்டுல முழங்கை விழுந்துச்சு அண்ணி. நான்தான் காட்டினேன். உள்ள போய் ஜெயிக்கிற கூடையைப் போட்டான். உங்க ஹால்ல மாட்டியிருக்கே அந்தப் படம். அந்தக் கூடை இவனுக்கு இன்னைக்கு வரைக்கும் ஞாபகத்துல இல்ல."

"இப்ப ஏங்க காட்டறீங்க?" என்றேன்.

"அவன் கேக்கறானே," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டேடியத்தில் காவலாளி கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதவு வழியாகத் தாத்தாவும் பேத்தியும் போனதை அவர் பார்த்திருந்தார். திரும்பும்போது ஒருத்தர்தான் வந்தார் என்பதைக் கவனிக்கவில்லை. உள்ளே இருட்டு. என் குரல் அந்தக் கூரையில் மோதி என்னிடமே திரும்பி வந்தது. பதில் இல்லை. சுண்டெலி சுவரைத் தடவி ஒரு விளக்கைப் போட்டார்.

மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில், ஓரமாக, கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பந்து. முகமெல்லாம் கண்ணீர் காய்ந்த கோடு.

வாரி எடுத்துக்கொண்டேன். ஏன் குரல் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தாத்தா கூப்பிட்டாதான் எந்திரிக்கணும்னாரு. விளக்கு அணைஞ்சிடுச்சு. என்னை இன்னும் ஆட்டத்துல இறக்கவே இல்ல பாட்டி."

என் வீட்டுக்காரர் ஆட்டக்களத்தின் கோட்டுக்கு வெளியே நின்றார். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெஞ்சையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். எங்கள் மகள் வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. நான் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுண்டெலிக்கு நாற்காலி இல்லாததால், டாக்டருக்குப் பின்னால் இருந்த பரிசோதனைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க ஐயா?"

இவர் கண் மெல்ல உயர்ந்தது. டாக்டரின் தலையைத் தாண்டி, கட்டிலுக்குப் போயிற்று. சுண்டெலி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உதடு துடித்தது, கை வெளியே வரவில்லை. இவர் என்னைப் பார்த்தார். கிழமை என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். தண்ணீரில் முங்குகிறவரைக் கரையில் நின்று பார்ப்பது போல இருந்தது.

"தெரியலம்மா," என்றார். டாக்டர் ஏதோ எழுதப்போனார். "இருங்க," என்றார் இவர். "குழந்தையை இருட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். என்னை வெளிய எடுத்துருங்க. நான் ஆடற நிலைமைல இல்ல."

ஆடிய காலம் முழுக்க ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது என்று சுண்டெலி பிறகு சொன்னார்.

மேசைக்கு அடியில் இவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. எலும்பு நொறுங்குகிற பிடி. வலித்தது. விடுவித்துக்கொள்ளப் பயமாக இருந்தது, அப்படியே இருந்தேன்.