இடது பக்கம் வரும் பந்து

கலீமுல்லாவைப் பற்றி எழுதியிருந்ததை நான் வாசித்துக் காட்டியபோது முதலாளி சமத் சாயபு வாய்விட்டுச் சிரித்தார். "கோல்கீப்பர் குனிய மாட்டார். பந்து இடுப்புயரத்துக்கு வந்தால் தடுப்பார், தரையோடு வந்தால் மரியாதையாக வழி விடுவார்" என்று எழுதியிருந்தேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

வேலூர்க் கோட்டை மைதானத்தில் ராணிப்பேட்டைக்காரர்களிடம் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்த வாரம் அது. முப்பத்திரண்டில் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு டீம் ஜெயித்ததற்கு மறு வருஷம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த முதலாளிகள் பலருக்கும் ஹாக்கிப் பித்து தலைக்கேறியிருந்தது. எங்கள் ஷாப்பின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று பேரைக் கோலார் தங்கவயல்காரர்கள் வேலை கொடுத்துக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த டீமில் எங்கெங்கே ஓட்டை, ஷாப்பு ஆட்களில் யார் யாரைத் தேற்றலாம் என்று எழுதித் தரும்படி சாயபு என்னிடம் சொல்லியிருந்தார். ஷாப்பில் கணக்கு எழுதும் ரைட்டர் நான். டீமில் எட்டு வருஷமாக இடது பக்கம் காக்கும் லெப்ட் பேக்கும் நான்தான்.

மதியச் சாப்பாட்டு வேளையில் தோல் காயப்போடும் களத்தில் ஷாப்பு ஆட்கள் புளியங்கிளையை வளைத்து வெட்டிய மட்டைகளோடு ஆடுவார்கள். பத்து நாள் அங்கே நின்று பார்த்தேன். ரைட் அவுட்டுக்கு ஒருவன் தேறுவான், சென்டர் ஆப்புக்கு இரண்டு பேர், முன்வரிசைக்கு இன்னும் ஒரு வருஷமாவது பிடிக்கும் என்றெல்லாம் மனசாட்சிப்படிதான் எழுதினேன். லெப்ட் பேக்குக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாங்கிய ஆறு கோலில் நான்கு என் பக்கமாக வந்தவை. எனக்கு முப்பத்தாறு வயது. முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த இடத்துக்குப் பொருத்தமான ஆள் களத்தில் என் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தான்.

அவன் பெயர் ரத்தினசாமி. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்ந்த கட்டையில் போட்டு, இரண்டு பக்கமும் பிடிவைத்த வளைந்த கத்தியால் சதை சீவுகிறவன். ஒரு தோலிலாவது அவன் கத்தி பட்டுக் கீறல் விழுந்ததில்லை என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அதே மணிக்கட்டுதான் மட்டையையும் பிடித்தது. இடது பக்கமாக அவனைத் தாண்டிப் போனவனை அந்தப் பத்து நாளில் நான் பார்க்கவில்லை.

ஷாப்பில் என்னை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மைதானத்தில் மட்டும்தான் நான் ஞானமுத்து. "விடாதே ஞானமுத்து" என்று நானூறு பேர் கத்தும்போது உடம்பில் ஒரு சூடு ஏறும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ரத்தினசாமியின் இடது கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அது நன்றாக ஆறிவிட்டது. ஆனாலும் எழுதினேன்: "ரத்தினசாமி நல்ல ஆட்டக்காரன். சுண்ணாம்பு பட்டதால் இடது கண்ணில் பார்வை குறைவு. இடது பக்கம் வரும் பந்தைத் தாமதமாகவே பார்க்கிறான். லெப்ட் பேக்கில் இப்போதைக்கு மாற்றம் வேண்டாம்." சாயபுவின் முன்னால் அந்த வரிகளை வாசித்தபோது குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. இன்று நினைத்தால் அதுதான் கூச வைக்கிறது.

சாயபுவின் சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல மனிதர் அவர்.

"பாவம். கண்ணு தெரியாதவன் கையில இன்னாத்துக்குக் கத்தி? கை போச்சுன்னா இன்னா பண்ணுவான்?" என்றார்.

 அவ்வளவு ஜாஸ்தியாக ஒன்றும் இல்லை என்று முனகினேன். அவர் அதற்குள் மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் காலையில் ரத்தினசாமி தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டை சுமந்துகொண்டிருந்தான். அவன் கட்டையில் வேறொருவன் நின்று தோலைக் கீறிக்கொண்டிருந்தான். இப்போதாவது உள்ளே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், நான் எழுதியது பொய் என்றும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ரத்தினசாமி வாசலில் காத்திருந்தான். கையில் இரண்டு மட்டையும் ஒரு பந்தும். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. மேஸ்திரி எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தார். கண்ணைக் காட்ட வேலூருக்குப் போய் வந்தேன் என்றான்.

"டாக்டரு வெரலக் காட்டி எத்தினின்னு கேட்டாரு, சொல்ட்டேன். ஒண்ணுமில்ல போன்னுட்டாரு. வெரலு நின்ன எடத்துல நிக்குது ரைட்டரய்யா, பந்து ஓடுதே. பத்து நாளு பாத்தவரு நீங்க. எந்தப் பந்த வுடறேன்னு சொன்னீங்கன்னா பழகிக்குவேன்."

காலியாகக் கிடந்த களத்துக்குப் போனோம். உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கையில் மட்டையைப் பிடித்தபடி நின்றான். நான் அவனுடைய இடது பக்கமாக அடித்தேன். தடுத்தான். இன்னும் வேகமாக அடித்தேன். அதையும் தடுத்தான். எட்டுப் பந்தோ ஒன்பது பந்தோ, ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும், இது சத்தத்தை வைத்துத் தடுத்தது, இது குருட்டாம்போக்கில் பட்டது என்று அவனே குறை சொல்லிக்கொண்டான். நான் மட்டையைத் தாழ்த்தினேன்.

"ரத்தினசாமி, உன் கண்ணுல ஒண்ணும் இல்லப்பா. என் எடம் போய்டும்னு நான்தான் பொய் எழுதிட்டேன்."

சாயபுவிடம் சொல்வதைவிட இவனிடம் சொல்வது சுலபம் என்றுதான் முதலில் இவனிடம் சொன்னேன். அதுவும் கோழைத்தனம்தான். அவன் கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு உங்க மேல பழியப் போட்டுக்காதீங்க. எனக்கே தெரியுது. இப்பல்லாம் பட்டை குடோன்ல அந்தப் பக்கம் நிக்கிற ஆளு மங்கலாத் தெரியறான். அடிங்க."

இல்லையப்பா, சத்தியமாக நான் எழுதியது பொய் என்றேன். அவன் தலையசைத்துவிட்டு மறுபடியும் குனிந்து நின்றான். அடிக்காமல் இருந்திருக்கலாம். அவன் காத்திருந்ததால் அடித்தேன். பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, அவன் மட்டையைத் தாண்டிப் போனது. கண் இல்லாதவனுக்கும் இருக்கிறவனுக்கும் ஒன்றுபோலத் தப்பியிருக்க வேண்டிய பந்து அது.

ரத்தினசாமி திரும்பிப் பந்து போன திசையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, பல நாளாகத் தேடிய ஒன்று கிடைத்துவிட்டதைப் போலச் சிரித்தான்.

"பாத்தீங்களா, சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றான். வலது கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே, முகத்தை முழுக்க இடது பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த பந்துக்காக மட்டையைத் தரையில் தட்டினான்.