டாக்டர் மஞ்செவுக்கு ஒரு கறுப்புக் கட்டம்

கோர்னா லூக்கா ஊரில் செத்துப்போன ஒவ்வொருவரையும் கடைசியாக அழகுபடுத்தியது ரலித்சாதான். சவப்பெட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் வேலையை ஊர் ஒரு மணிநேரம் பார்த்தது. இவள் வேலையை மழை வந்து கரைக்கும்வரை பார்த்தது. பென்சோவின் கடையில் நகல் எடுப்பார்கள், சாவி வெட்டுவார்கள், இறப்பு அறிவிப்பு அடிப்பார்கள். முதல் இரண்டும் பென்சோ, மூன்றாவது ரலித்சா. படம், பெயர், வயது, சுற்றிலும் கறுப்புக் கட்டம். செத்த அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, அப்புறம் வருஷா வருஷம் ஒன்று. வீட்டுக் கதவு, பஸ் நிறுத்தம், சர்ச் பலகை, மின்கம்பம் என்று எங்கே திரும்பினாலும் அவள் கைவேலைதான். நாலு வருஷம் இப்படியே ஓடிப்போயிற்று.

அவள் ஆசைப்பட்டது இதற்கல்ல. பத்திரிகை அட்டை, சுவரொட்டி, ஜாம் பாட்டில் லேபிள், எதுவானாலும் சரி, உயிரோடு இருக்கிறவர்களுக்காக வடிவமைக்க வேண்டும் என்பதுதான் ஆசை. தலைநகர் சோபியாவில் ஓவியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் பிளாஸ்டரில் வார்த்த ஒரு சிலைத் தலையை வைத்து வரையச் சொன்னார்கள். இரண்டு தடவையும் அவள் வரைந்த தலைக்குக் கன்னம் வீங்கியிருந்தது. மூன்றாம் தடவை போக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்த வசந்தத்தில் பிலோவ்திவில் ஒரு வடிவமைப்பு நிறுவனம் ஆள் தேடியது. ரலித்சா துணிந்து போன் போட்டாள். நிறுவனத்தின் தலைவி யோவ்ச்சேவாவே எடுத்தார்.

"படிப்பைப் பத்தி நான் கேக்கலைம்மா," என்றார் அவர். "நீ செஞ்சது ஒண்ணு, தெருவுல ஒட்டினதா இருக்கணும். அதை அனுப்பு. யாருக்குச் செஞ்சியோ அவங்க நம்பரையும் அனுப்பு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவங்ககிட்டயே கேட்டுக்கறேன், வேலைக்கு ஆச்சா இல்லையான்னு."

போனை வைத்துவிட்டு ரலித்சா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். இதுவரை அவள் செய்தது ஆயிரத்தைத் தாண்டும். அதில் ஒரே ஒருவர்கூடப் போனை எடுக்கிற நிலைமையில் இல்லை.

அந்த நேரம் பார்த்து, நகல் எடுக்க வந்து நின்றார் பல் டாக்டர் க்ரூம் மஞ்செவ். ஐம்பது வயது, கனத்த மீசை, ஊரில் பாதிப் பேருடைய வாய் அவருக்கு மனப்பாடம். தபால் ஆபீஸ் மேல்மாடிக்குத் தன் கிளினிக்கை மாற்றுகிறார், வியாழக்கிழமை திறக்கிறார், ஊருக்குச் சொல்ல ஒரு நோட்டீஸ் வேண்டுமாம். ரலித்சாவுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போலிருந்தது.

"நோட்டீஸ் எதுக்கு டாக்டர், போஸ்டரே பண்ணிடறேன்," என்றாள்.

"பண்ணு. படம் நல்லா சிரிச்ச மாதிரி இருக்கணும். பல்லுதான் எனக்கு விளம்பரம்," என்று சொல்லிவிட்டு, புதுப் பல் நாற்காலி ஏற்றிவர புர்காசுக்குப் புறப்பட்டுப் போனார்.

இரண்டு நாள் ரலித்சா அதிலேயே கிடந்தாள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பார்த்ததையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டாள். வண்ணம் கூடாது, அது பட்டிக்காட்டுத்தனம். நடுவில் கறுப்பு வெள்ளைப் படம். கீழே பெரிய எழுத்தில் பெயர். அதற்கும் கீழே, திறப்பு விழாவும் முகவரியும் மெல்லிசான சாம்பல் எழுத்தில், பொடிப்பொடியாக. எல்லாம் முடிந்து பார்த்தால் படம் காகிதத்தை விட்டு வழுக்கி ஓடுவது போலிருந்தது. எங்கோ ஒன்று குறைகிறது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் சுற்றிலும் ஒரு கறுப்புக் கட்டம் போட்டது. அடடா, இப்போது கச்சிதம். வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வேலையைப் பார்த்துத் தானே சொக்கிப்போனாள். கையோடு அதை யோவ்ச்சேவாவுக்கு அனுப்பி, டாக்டரின் நம்பரையும் சேர்த்து அனுப்பினாள்.

ஒட்டுகிற வேலை பென்சோவுடையது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இருபது வருஷப் பழக்கம். நாற்பது தாளையும் பசை வாளியையும் எடுத்துக்கொண்டு போனார், மூன்று மணிநேரத்தில் திரும்பிவந்தார்.

"எங்கெல்லாம் ஒட்டினீங்க மாமா?"

"எப்பவும் ஒட்டுற இடத்துலதான். முதல்ல அவர் வீட்டு வாசல் கதவு, அப்புறம் சர்ச்சு."

அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை ரொட்டிக்கடை வரிசையில்தான் உறைத்தது. அவளுக்கு முன்னால் நின்ற தோன்கா அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"என் கீழ்ப்பல்லு வரிசை பாதியில நிக்குது. இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டாரே மனுஷன்."

"படத்துல பாத்தியா, எப்படிச் சிரிக்கிறாருன்னு," என்றாள் ரொட்டிக்கடைக்காரி. "போயும்கூட ஒரு பல்லு ஆடலை. அடக்கம் எப்போ?"

"கீழ ஏதோ பொடியா போட்டிருக்கு. யாருக்குக் கண்ணு தெரியுது."

ரலித்சா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அவர் சாகலை. அது விளம்பரம். கிளினிக் திறக்கறார்."

தோன்கா அக்கா அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் கண்ணு. மனசு ஏத்துக்காது."

ரலித்சா டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் ஆள் ஆளுக்குச் சொன்னாள். ஆள் ஆளுக்கு அவளைத் தேற்றினார்கள். டாக்டர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே திருவிழாக் கூட்டம். கதவடியில் பூ குவிந்திருந்தது. ரலித்சா கொத்துக் கொத்தாக எண்ணிப் பார்த்தாள். நாலு, ஆறு, எட்டு. எல்லாம் இரட்டைப்படை. உயிரோடு இருப்பவனுக்கு எவனும் இரட்டைப்படையில் பூ கொண்டுவர மாட்டான். யாரோ இழவு வீட்டு வழக்கப்படி சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைத் தட்டில் வைத்துக் கரண்டி கரண்டியாக விநியோகித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது என்றது. படியில் அவருடைய முன்னாள் மனைவி மரியேத்தா உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள்.

"விவாகரத்து ஆகி ஒன்பது வருஷம். அந்த மனுஷனைத் திட்ட வேண்டியதுல இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கலை," என்றாள்.

சரியாக அப்போதுதான் தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. வாசலில் வந்து நின்றது. பின்னால் ஒரு பல் நாற்காலி, முன்னால் டாக்டர் மஞ்செவ், கையில் கடித்த ஆப்பிள். பூ வைத்திருந்த ஒரு பெரியவர் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார். அடக்கத்துக்கு ஜெபம் சொல்ல வந்திருந்த பாதிரியார் மெதுவாகத் தன் புத்தகத்தை மூடினார். மரியேத்தா எழுந்து போய் டாக்டர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"உயிரோடவா இருக்கே?" என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்றாள்.

டாக்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டு தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். கதவிலிருந்து அவரே அவரைப் பார்த்துச் சிரித்தார்.  அப்புறம் கூட்டத்தில் தேடி, பாப்ளார் மரத்துக்குப் பின்னால் நின்ற ரலித்சாவைக் கண்டுபிடித்தார்.

"ஆளைக் கொன்னுட்டு மரத்துக்குப் பின்னாடி நின்னா என்ன அர்த்தம்?"

"டாக்டர், வெள்ளிக்கிழமை பிலோவ்திவ்லேருந்து உங்களுக்கு ஒரு போன் வரும். என் வேலை விஷயமா. போஸ்டர் எப்படின்னு கேப்பாங்க," என்றாள் அவள். "உங்க கால்ல விழறேன்."

"வரட்டும்," என்றார் டாக்டர். "நல்லாச் சொல்றேன்."

அந்த 'நல்லா'வைக் கேட்டு அவளுக்கு ரத்தம் சுண்டிப்போயிற்று. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யோவ்ச்சேவாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென்று நாலு தடவை போனை எடுத்து, நாலு தடவையும் வைத்துவிட்டாள். இனி ஆயுசு முழுக்கச் செத்தவர்களோடுதான் என்று முடிவுகட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஒரு வால்நட் கேக் செய்து எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கக் கிளம்பினாள். தபால் ஆபீஸ் மாடிப்படியில் ஏற முடியவில்லை. கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை ஆள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"டாக்டர் உயிரோட இருக்காராம். நேர்ல பாத்துட்டு, அப்படியே பல்லையும் காட்டிட்டுப் போகலாம்னு," என்றார் கடைசிப் படியில் நின்றவர்.

கேக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருவழியாக உள்ளே நுழைந்தாள். புது நாற்காலியில் தோன்கா அக்கா, ஆவென்று திறந்த வாயுடன். டாக்டரின் இரண்டு கையும் அந்த வாய்க்குள். மேசைமேல் போன் அடித்தது. மணி பதினொன்று.

"எடு," என்றார் டாக்டர் ரலித்சாவிடம். "ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் கேக்கட்டும்."

அவள் போட்டாள். மறுகையில் கேக் இருந்ததில் மூன்றாம் தடவைதான் பொத்தான் அழுந்தியது.

"டாக்டர் மஞ்செவா? யோவ்ச்சேவா பேசறேன். அந்தப் பொண்ணு செஞ்ச போஸ்டர், வேலைக்கு ஆச்சா?"

"எட்டு வருஷமா விளம்பரம் போடறேம்மா. ஒரு நாய்கூடத் திரும்பிப் பாத்ததில்லை. இவ போட்டா, மறுநாளே ஊரு பூவோட வந்து என் வாசல்ல நிக்குது. இரட்டைப்படையில."

யோவ்ச்சேவா குறுக்கே கேட்டார். "இரட்டைப்படையிலயா?"

"ஆமா. கறுப்புக் கட்டம் பாத்து நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டாங்க. முகவரி எழுத்து ஒருத்தருக்கும் கண்ணுல படலை. அதுக்கு அவளைத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க." டாக்டர் போன் பக்கம் குனிந்தார். "ஆனா என் பழைய பெண்டாட்டி அழுதாம்மா. நேத்து பீன்ஸ் சூப் கொண்டுவந்தா. தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, சூப்புன்னா என்னன்னே மறந்துபோச்சு எனக்கு."

"ஆங்," என்றாள் தோன்கா அக்கா, வாய் மூட வழியில்லாமல்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேன்," என்றார் யோவ்ச்சேவா. "அவளுக்கு மறுபடி வேலை கொடுப்பீங்களா?"

ரலித்சா டாக்டரின் மீசையையே பார்த்தாள்.

"உயிரோட இருக்கிற வரைக்கும் கொடுக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன்," என்றார் டாக்டர். "செத்தப்புறம் அவதான் செய்யணும். வேற எவனும் கைவைக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

ரலித்சாவுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. தேர்வில் பாஸானவளைப் போல் அங்கேயே நின்று அழுதாள்.

"பக்கத்துல அழறது அவதானா? திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க," என்றார் யோவ்ச்சேவா. "கண்ணுக்குத் தெரியற எழுத்தை இங்க சொல்லித்தரலாம். ஊரையே நின்னு பாக்க வைக்கிறதைச் சொல்லித்தர முடியாது." போன் வைக்கப்பட்டது.

டாக்டர் கையை எடுத்ததுதான் தாமதம், தோன்கா அக்கா துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை போயிடுவியா? அப்போ எனக்கு ஒண்ணு இப்பவே அடிச்சு வெச்சுட்டுப் போயிடு கண்ணு. படம் எடுத்து வெச்சிருக்கேன், நீலச் சட்டை போட்டது. தேதி மட்டும் காலியா விடு."

மாடிப்படி முழுக்கச் சலசலப்பு கிளம்பியது. எனக்கும் என்றது ஒரு குரல். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணா என்றது இன்னொன்று. ரலித்சா கேக்கைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் முதலில் வந்தது யார் என்று கேட்டாள்.