சுத்தமான பாட்டில்

இந்த ஏரியில் பிறந்த எந்தப் புழுவுக்கும் தன் தோலைத் துளைக்கும் தைரியம் கிடையாது என்று மீன் டாக்டர் அறிவித்தபோது, அரைக்கால் சட்டையோடு தொடையளவு தண்ணீரில் நின்றிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீன்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பதினோரு வருடமாக இதே தண்ணீரில் வலை போட்டு, மீன்களை இனம் இனமாக எண்ணிப் பதிவேட்டில் எழுதி வருகிறார். ஏரி தன்னைச் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்பது அவருடைய முடிவு.

பக்கத்தில் சல்லடையோடு நத்தை அள்ளிக்கொண்டிருந்தாள் கரையோர ஆய்வகத்து அக்கா. கொளுத்தும் வெயிலிலும் தொடைவரை ரப்பர் பூட்ஸ்.

"என்னக்கா, நிலாவுக்குக் கிளம்பிட்டீங்களா?"

"நத்தையிலேர்ந்து வர்ற புழு கண்ணுக்குத் தெரியாது தம்பி. சும்மா நின்னாலே தோல் வழியா உள்ள போயிடும்."

"எனக்குள்ள வந்தா அதுக்குத்தான் ஜுரம் வரும். எம் பொண்ணு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை இதே எடத்துலதான் நீச்சல் அடிக்கிறா. பூட்ஸ் போட்டுக்கிட்டா அடிக்கிறா?"

அக்கா அடுத்த சல்லடையை அள்ளினாள். அவளுக்கு எண்ண வேண்டிய நத்தைகள் நிறைய இருந்தன.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு, இந்தப் புழுவின் முட்டை கலந்த நோயாளியின் சிறுநீரைக் காட்டுமுன், நோயில்லாத சிறுநீரைக் காட்ட வேண்டும். மூன்று வருடமாக அதை வழங்கிவரும் வள்ளல் மீன் டாக்டர்தான். நண்பகல் வாக்கில் பாட்டிலை நிரப்பி, அதன்மேல் 'சுத்தம்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பார். சுத்தம் என்று எழுதியிருப்பதை யார் உற்றுப் பார்ப்பார்கள்? யாரும் பார்த்ததில்லை.

அன்று மைக்ராஸ்கோப்பில் புது லென்ஸ் மாட்டிய அக்கா, சரிபார்ப்பதற்காக அந்தப் பாட்டிலிலிருந்து வடிகட்டி வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, கொஞ்சம் இங்க வாங்க."

அவர் குனிந்தார். நீள்வட்டமாய் ஒரு முட்டை. ஒரு முனையில் முள். உள்ளே என்னவோ துடித்தது.

"அருமையா இருக்கே. யாரோடது?"

"மேல யாரு கையெழுத்துன்னு பாருங்க."

"மாத்தி வச்சிருப்பீங்க."

"இன்னிக்கு வந்ததே ஒரு பாட்டில்தான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமே பண்ணலையேக்கா."

"வருஷக்கணக்கா பண்ணாமலே இருக்கும். மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க." பாட்டிலை மூடிக்கொண்டே, "பாப்பாவுக்கு ஏதாவது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

போன வாரம் குளியலறையிலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, ஒண்ணுக்கு செவப்பா போகுது!" பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பீட்ரூட் தின்னிருப்ப, போ" என்று சொல்லிவிட்டார். வீட்டில் பீட்ரூட் வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது. தன் பதிவேட்டைத் திறந்தார். நத்தையைத் தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்னும் மீனின் பத்தி. நாற்பத்தொன்று. பன்னிரண்டு. மூன்று. பிறகு தொடர்ந்து மூன்று வருடம் பூஜ்யம். அழகான, வட்டமான பூஜ்யங்கள். தின்ன ஆளில்லாமல் நத்தை பெருகியதற்கான காரணத்தைத் தன் கையாலேயே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

மறுநாள் மதியம் மகளின் பாட்டிலைக் கொண்டுவந்தார். மேலே எதுவும் எழுதவில்லை. அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வாசலில் பூட்ஸ் நின்றிருந்தது. மகள் நீச்சலடிக்கும் இடத்தில் எத்தனை நத்தை என்று உடனே தெரிந்தாக வேண்டும் அவருக்கு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலை நுழைத்தார். அக்காவின் அளவு. குதிகால் பாதியிலேயே நின்றுவிட்டது. சல்லடையை எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் தத்தித் தத்தி, மகள் துண்டு வைக்கும் பாறைவரை வந்தார். தண்ணீருக்கு ஓரடி முன்னால் நின்று, ரப்பரில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார்.

பிறகு ஆய்வகத்தைத் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில், மைக்ராஸ்கோப்பின்மேல் கவிழ்ந்த அக்காவின் தலை இன்னும் நிமிரவில்லை.